வண்ணார்பேட்டைச் சுவரும் மய்யழிச் சித்திரக்காரரும்

உங்கள் வீட்டில் ஐந்து வயதுக்கு மேல் பத்து வயதுக்குள் ஒரு குழந்தை இருக்கிறதா? இருந்தால் இந்தப் பத்திரிகையை ஒரு நிமிஷம் கீழே வைத்துவிட்டுக் கூடத்துச் சுவரைப் போய்ப் பாருங்கள். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குள் பென்சில் கோடு, கிரேயான் கிறுக்கல், கரித்துண்டால் போட்ட யானை என்று ஏதாவது ஒன்று இல்லாமல் இராது. சுவர் சுத்தமாக இருந்தால் போன மாதம்தான் வெள்ளையடித்தீர்கள் என்று அர்த்தம். அல்லது உங்கள் குழந்தை உங்களுக்கு மிகவும் பயந்த குழந்தை.

அப்படிப்பட்ட ஒரு சுவரை நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பார்த்தேன்.

திருநெல்வேலி சந்திப்பில் ரயிலை விட்டு இறங்கிப் பாளையங்கோட்டை போகிற பஸ்ஸில் ஏறினால் சில நிமிஷங்களில் சுலோசன முதலியார் பாலம் வருகிறது. 1843-ல் திறந்த பாலம் இது. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தேதாராக இருந்தவர் சுலோசன முதலியார். ஆற்றைக் கடக்க ஜனங்கள் படுகிற பாட்டைப் பார்த்துத் தம் கைப்பணத்தைப் போட்டுக் கட்டுவித்தார். கண்டக்டரிடம் சில்லறை வாங்குவதற்குள் பாலம் முடிந்துவிடும். ஆகவே ஏறியவுடனேயே ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொள்ளுங்கள். தாமிரபரணி போகிறாள். பாறைகளில் துணி உலர்கிறது. யாரோ ஒரு பாட்டி முழங்காலளவுத் தண்ணீரில் நின்று சூரியனைக் கும்பிடுகிறாள். பாலம் தாண்டினால் கொக்கிரகுளம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வண்ணார்பேட்டை.

இன்றைய வண்ணார்பேட்டையில் ஓட்டல்களும் ஆஸ்பத்திரிகளும் ஜவுளிக் கடைகளும் போட்டி போட்டுக்கொண்டு நிற்கின்றன. பிரதான சாலையில் நின்று பார்த்தால் பட்டணத்துக்குத் திரும்பி வந்துவிட்டோமோ என்று தோன்றும். ஆனால் ஆற்றுப் பக்கமாக நாலு எட்டு வைத்துவிட்டால் ஊர் மாறிவிடுகிறது. பேராத்துச் செல்வி அம்மன் கோயில் கரையிலே இருக்கிறது. அம்மன் பெயருக்குள்ளேயே ஆறு ஓடுகிறது, கவனித்தீர்களா? ஒரு காலத்தில் நெல்லைச் சீமையின் வேட்டி புடவைகளையெல்லாம் வெளுத்துக் கொடுத்த உழைப்பாளிகளின் பேட்டை இது. அவர்களுக்குச் சோறு போட்டதும் இதே ஆறுதான்.

இந்த ஆற்றுக்குப் போகும் தெரு ஒன்றில் என் நண்பருடைய அண்ணன் வீடு இருக்கிறது. நண்பர் என்னை அங்கே காபிக்கு அழைத்துப் போனார். உள்ளே நுழைந்ததும் என் கண்ணில் பட்டது கூடத்துச் சுவர்.

சுவரின் குறுக்கே, இடுப்பளவு உயரத்தில், அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் பழுப்பாக ஒரு கோடு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெருமழை கொட்டியதே, நினைவிருக்கிறதா? தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்தாள். அப்போது தண்ணீர் வந்து நின்ற கோடு அது. அதன் மேல் எத்தனை வெள்ளையடித்தும் ஈரம் குடித்த கறை மறுபடி எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறதாம்.

அந்தக் கோட்டுக்குக் கீழே மீன்கள்! பெரிய மீன், சின்ன மீன், மீசை வைத்த மீன், மூக்குக் கண்ணாடி போட்ட மீன். ஒரு மீன் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறது. இன்னொன்று ஸைக்கிளை முட்டிப் பார்க்கிறது. ஒரு மூலையில், வெள்ளத்தோடு போன அடுக்களைச் சாமான்கள் எல்லாம் வரிசையாக மிதக்கின்றன.

"பாத்தியளா அண்ணாச்சி, இவன் செஞ்சிருக்க வேலைய?" என்றபடி நண்பருடைய மதினி காபித் தம்ளருடன் வந்தார். (நெல்லைச் சீமையில் வயது வித்தியாசம் பாராமல் மரியாதைக்கு உரியவர்களுக்கெல்லாம் 'அண்ணாச்சி'தான். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.) "ரெண்டு தடவை வெள்ளையடிச்சாச்சு. திரும்பத் திரும்ப அதே எடத்துலதான் போடுதான். கேட்டா, 'தண்ணி இவ்வளவு நின்னுச்சுல்லா, அப்ப மீன் வந்திருக்கும்லா?'ங்கான்."

குற்றவாளி கதவுக்குப் பின்னால் பாதி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். எட்டு வயது இருக்கும்.

"படம் நல்லா வருதுன்னு வாத்தியாரும் சொல்லுதாரு. எனக்கும் சந்தோஷந்தான். ஆனா..." என்று குரலைத் தாழ்த்தினார் அந்த அம்மாள். "இதுல பொழைக்க முடியுமா அண்ணாச்சி? அதுவும் இந்த மாதிரி சின்னப் பிள்ளேளுக்குப் போடுத வெளையாட்டுப் படத்தப் போட்டு, ஒரு மனுசன் பெரிய ஆளா வந்தான்னு எங்கயாவது உண்டா?"

வேடிக்கையாகக் கேட்கவில்லை அவர். பிள்ளையின் எதிர்காலம் என்று வந்துவிட்டால் எந்தத் தாயும் வேடிக்கையாகக் கேட்கமாட்டாள். வெள்ளம் வந்து வீட்டுச் சாமானைக் கொண்டுபோய் இன்னும் கடன் தீராத வீட்டில் இது சாதாரணக் கேள்வி அல்ல.

"உண்டு" என்றேன். அன்று மாலை அவருக்குச் சொன்ன கதையைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

ரயில் போகிற கரை

திருநெல்வேலியிலிருந்து ஜாம்நகருக்கு ஒரு ரயில் போகிறது. சந்திப்பை விட்டதும் தாமிரபரணியைத் தாண்டி, நாகர்கோவில், திருவனந்தபுரம் வழியாக மலையாளக் கரை நெடுக வடக்கே ஓடுகிறது. கோழிக்கோட்டைத் தாண்டிக் கண்ணூரை எட்டுவதற்கு முன் ஒரு சிறிய ஆற்றுப் பாலம் வரும். அதுதான் மய்யழிப் புழை. அது கடலில் சேருகிற இடத்திலே உள்ள ஊரை மய்யழி என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். உலகம் மாஹே என்று சொல்கிறது. மொத்தமே ஒன்பது சதுர கிலோமீட்டர்தான். 1954 வரையில் பிரெஞ்சுக்காரர் கொடி பறந்த ஊர். இன்று புதுச்சேரியைச் சேர்ந்தது.

மய்யழியிலிருந்து அதிக தூரமில்லை கூத்துப்பரம்பு. அங்கேதான் 1924-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி, ஒரு தமிழ்க் குடும்பத்தில், கல்பாத்தி கணபதி சுப்பிரமணியன் பிறந்தார். கல்பாத்தி என்றதும் பாலக்காட்டுத் தேர் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். அதே கல்பாத்திதான். பையன் வளர்ந்தது மய்யழியில், கடற்காற்றில். கலை உலகம் பிற்காலத்தில் அவரைக் கே. ஜி. சுப்பிரமணியன் என்று அழைத்தது. மாணவர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் அவர் 'மணி', வங்காளத்தில் 'மணிதா'.

வடமலபார்க் கரையிலே தெய்யம் என்று ஒன்று உண்டு. நேற்று வரையில் வயலில் வேலை செய்த மனிதர், முகத்தில் செஞ்சாந்து பூசிக்கொண்டு, ஆள் உயரத்துக்கு முடி தரித்துக்கொண்டு, இரவில் தீவட்டி வெளிச்சத்தில் தெய்வமாக வந்து நிற்பார். ஊரே கைகூப்பும். சுப்பிரமணியனின் சித்திரங்களில் மனிதனும் மிருகமும் தெய்வமும் ஒருவர் முகத்தை ஒருவர் மாட்டிக்கொண்டு திரிவார்கள். பூனைக்கு மனித முகம் இருக்கும். பெண்ணின் கைகள் பறவையாகும். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கரைதான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் பையன் சித்திரம் படிக்கப் போகவில்லை. சென்னைக்கு வந்து பிரஸிடென்ஸி கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். அந்தக் கல்லூரியும் கடற்கரையிலேதான் இருக்கிறது, பாருங்கள்! 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் வந்தது. மாணவர் சுப்பிரமணியன் அதில் குதித்தார், சிறை சென்றார். வெளியே வந்தபோது சர்க்கார் கல்லூரிகளில் இனி இவருக்கு இடம் கிடையாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

இந்த இடத்தில் வண்ணார்பேட்டை அம்மாள் குறுக்கிட்டார். "ஐயோ! பொருளாதாரம் படிக்கட்டும்னு அனுப்புன பெத்தவங்களுக்கு வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்!"

எரிந்துதான் இருக்கும். இருபது வயதுப் பிள்ளை; பட்டமும் இல்லை, உத்தியோகமும் இல்லை. ஆனால் அந்தக் கதவு சாத்தியதால்தான் வேறொரு கதவு கண்ணில் பட்டது. 1944-ல் அவர் வங்காளத்துக்கு ரயிலேறினார். ரவீந்திரநாத் டாகுரின் சாந்திநிகேதனத்தில், கலாபவனத்தில் சேர்ந்தார்.

பெரியவர்கள் செய்த சின்ன வேலை

கலாபவனத்துக்குத் தலைவர் நந்தலால் போஸ். நம் அரசியல் சட்டத்தின் மூலப் பிரதியைச் சித்திரங்களால் அலங்கரிக்கும் பணியை நடத்தியவர் இவரே. இதே நந்தலால்தான், டாகுர் வங்காளக் குழந்தைகளுக்கு எழுதிய 'சஹஜ் பாட்' என்ற அரிச்சுவடிக்கு 1930-ல் படம் போட்டுக் கொடுத்தார். நந்தலாலின் குரு அபனீந்திரநாத் டாகுரோ, பெரிய சித்திரக்காரர் என்பதோடு குழந்தைகளுக்குக் கதை சொல்வதிலும் மன்னர். 1896-லேயே 'க்ஷீரேர் புதுல்' என்று ஒரு குழந்தைக் கதைப் புத்தகம் எழுதினார். வயதான காலத்தில் மரக்கட்டை, வேர், சுள்ளி இவற்றைப் பொறுக்கி வந்து பொம்மை செய்துகொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

குழந்தைக்குப் படம் போடுவதைச் சின்ன வேலை என்று யாரும் நினைக்காத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார் நம் மய்யழிப் பிள்ளை. பிறவியிலேயே ஒரு கண் பார்வையற்றவரும், மறு கண்ணில் மங்கலான பார்வை மட்டும் உள்ளவருமான பினோத் பிஹாரி முகர்ஜி அங்கே ஆசிரியர். அவர் ஹிந்தி பவனச் சுவர்களில் பக்தி இயக்கத்து மகான்களின் வாழ்க்கையைத் தீட்டியபோது, உடனிருந்து உதவிய மாணவர்களில் சுப்பிரமணியனும் ஒருவர். சுவரிலே சித்திரம் போடும் வித்தையை அங்கேதான் கற்றார்.

1951-ல் பரோடா சர்வகலாசாலையின் நுண்கலைப் பிரிவில் ஆசிரியர் உத்தியோகம் கிடைத்தது. 1955-ல் லண்டன் ஸ்லேட் கலைப் பள்ளிக்குச் சென்று ஓராண்டு பயின்று திரும்பினார். 1959 முதல் 1961 வரை பம்பாயில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தின் டிஸைன் பிரிவில் பதவி வகித்தார். நீங்கள் கைத்தறிப் புடவை கட்டுகிறவரானால் இதைக் கவனியுங்கள்: சித்திரக்காரர்கள் நெசவாளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து புதுக் கரைகளும் பூக்களும் யோசித்த காலம் அது. நெசவாளி தம்மைவிட ஒரு படி கீழே என்று அவர் நினைத்ததில்லை. கைத்தொழில்காரரையும் கலைஞரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க வேண்டும் என்று ஆயுள் முழுவதும் எழுதினார், பேசினார்.

பரோடாவுக்குத் திரும்பிய பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. அந்தக் கலைக் கல்லூரியில் ஒரு சந்தை நடக்கும். ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து பொம்மைகளும் சாமான்களும் செய்து ஊர் ஜனங்களுக்கு விற்பார்கள். பேராசிரியர் சுப்பிரமணியன் அதற்காக மரக்கட்டையையும் மணிகளையும் தோல் துண்டுகளையும் கோத்துப் பொம்மைகள் செய்தார். பொம்மையோடு நிற்கவில்லை, குழந்தைகளுக்குக் கதையும் எழுதிப் படமும் போட்டார். அப்படி 1969-ல் வந்தது ஒரு புத்தகம். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'கடவுள் முதன்முதலில் மிருகங்களைப் படைத்தபோது எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் படைத்தார்.' எத்தனை நீளமான பெயர்! ஆனால் கேட்டவுடனே எந்தக் குழந்தையும் "அப்புறம்?" என்று கேட்குமா, கேட்காதா?

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 'ராபி', 'ஹனு எப்படி ஹனுமான் ஆனான்', 'ராஜாவும் சின்ன மனிதனும்', 'பூனையின் இரவும் பகலும்', 'நம் சிநேகிதர்களான அரக்கர்கள்' என்று தமிழில் சொல்லத்தக்க பெயர்கள். ஆங்கிலத்தில் எழுதினார். பெரும்பாலானவற்றைப் பின்னால் கல்கத்தாவின் ஸீகல் பதிப்பகம் வெளியிட்டது. ஒரு பக்கத்துக்கு நாலைந்து வரிகள்தான் இருக்கும். படத்துக்குக் கத்தரித்த காகிதம், தூரிகையின் இரண்டு இழுப்பு, அவ்வளவே. ஆனால் குரங்கு குரங்காகவே தாவும். பூனை பூனையாகவே சோம்பல் முறிக்கும்.

குழந்தைக் கதைதானே என்று அலட்சியமாக எடுத்துப் படித்தவர்கள் திடுக்கிட்டதும் உண்டு. 1975-ல் நாட்டிலே நெருக்கடி நிலை வந்ததல்லவா? அந்தக் காலத்து அனுபவத்தை மனத்தில் வைத்து, அதிகாரம் தலைக்கேறினால் என்ன ஆகும் என்பதை 'பேசும் முகத்தின் கதை' என்று கறுப்பு வெள்ளைப் படங்களோடு ஓர் உருவகக் கதையாகச் செய்தார். வாய் திறக்கப் பெரியவர்கள் பயந்த விஷயத்தை ராஜகுமாரிக் கதை சொல்லிவிட்டது!

அதே கை பெரிய காரியங்களும் செய்தது. லக்னோ ரவீந்திராலயத்தின் முகப்பில், டாகுரின் 'இருட்டறை ராஜா' நாடகத்தைச் சுட்ட மண்ணால் எண்பது அடிக்கு மேல் நீளமாக 1963-ல் அமைத்தார். 1971-ல் வங்கதேசப் போரின் கொடுமைகளைக் கேட்டு மனம் கொதித்துச் சுடுமண் பலகைகளில் செதுக்கினார். கண்ணாடியிலும் அக்ரிலிக் தகட்டிலும் பின்புறமிருந்து தீட்டினார். நம் தஞ்சாவூரில் பழைய நாளில் கண்ணாடிப் படம் போடுவார்களே, அந்த முறை. 1980-ல் தாம் படித்த சாந்திநிகேதனத்துக்கே பேராசிரியராகத் திரும்பினார். அங்கே ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர் முழுவதையும் கறுப்பு வெள்ளையில் சித்திரமாக்கினார். அது மங்கிய பிறகு, 2009-ல் சாரம் கட்டி மறுபடி தீட்டினார். அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்து!

1975-ல் பத்மஸ்ரீ, 2006-ல் பத்மபூஷண், 2012-ல் பத்மவிபூஷண். கடைசிக் காலத்தில் மறுபடி பரோடாவில் வசித்து, 2016 ஜூன் 29 அன்று, தொண்ணூற்றிரண்டாம் வயதில் காலமானார்.

"அண்ணாச்சி, அந்த ஜாம்நகர் ரயில் பரோடா வழியாவும் போவும்லா?" என்று கேட்டார் நண்பர். ஆமாம். கண்ணூரைத் தாண்டி, மங்களூர்ப் பக்கம், கொங்கணக் கரை, சூரத் என்று போய்ப் பரோடாவிலும் நிற்கிறது. அவர் பிறந்த கரை வழியாக அவர் வாழ்ந்து மறைந்த ஊருக்கு நம் திருநெல்வேலி ரயில் தினுசு தினுசான ஜனங்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறது.

"சுவத்துல போட்டா ஏசலியா?"

கதையைக் கேட்டு முடித்த அம்மாள் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அதெல்லாம் வங்காளம், பரோடா. நம்ம பக்கத்துல அப்படி என்ன இருக்கு?" என்றார்.

நியாயமான கேள்விதான். மறுநாள் காலையில் அதற்குப் பதில் தேடிப் புறப்பட்டோம். அம்மாள், பையன், நண்பர், நான் ஆக நாலு பேர். ஆற்றை எதிர்த்தே மேற்கே போனோம். சேரன்மாதேவி, வீரவநல்லூர் என்று வயலும் வாழையும் கூடவே வந்தன. வீரவநல்லூர்ப் பக்கத்திலிருந்து உள்ளே திரும்பினால், தாமிரபரணியோடு கடனா ஆறு கலக்கிற இடத்துக்கு அருகில், திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயில்.

கோயில்களுக்குப் போனால் நாம் கோபுரத்தை வெளியிலிருந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறோம். இந்தக் கோபுரத்தின் விசேஷம் உள்ளேதான் இருக்கிறது. கோயிலில் கேட்டு, அனுமதி பெற்று, கையில் ஒரு டார்ச் லைட்டுடன் செங்குத்தான படிகளில் ஏற வேண்டும். புடவைக் கொசுவத்தைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். ஐந்து நிலைகள், ஒவ்வொரு நிலையிலும் செதுக்கிய மரத் தூண்கள், சுவர் முழுவதும் சித்திரங்கள். பல நூற்றாண்டுகளுக்கு முந்தியவை. காவி, மஞ்சள், கறுப்பு. ராமாயணம் ஒரு பக்கம் போகிறது. சிவனடியார்களின் கதைகள் ஒரு பக்கம். யானையும் குதிரையுமாகப் படைகள் மோதுகின்றன. கட்டம் கட்டமாக, வரிசை வரிசையாக, ஒரு கதை முடிந்த இடத்தில் இன்னொன்று. குழந்தைகளின் படக்கதைப் புத்தகத்தைப் பிரித்துச் சுவரெல்லாம் ஒட்டிவைத்தால் எப்படி இருக்குமோ, அப்படியே இருக்கிறது!

ஓரிடத்தில் டார்ச் வெளிச்சம் ஒரு கப்பலின் மேல் விழுந்தது. கப்பல் நிறையக் குதிரைகள்! அரபு தேசத்து வியாபாரிகள் குதிரை கொண்டுவந்து இறக்கிய காலத்தை யாரோ ஒரு சித்திரக்காரர், கடலிலிருந்து இத்தனை தூரம் உள்ளே இருக்கிற ஓர் ஆற்றங்கரைக் கோயிலில், நினைவு வைத்துப் போட்டிருக்கிறார்.

பையன் அதை விட்டு நகரவில்லை. வெகு நேரம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டான்:

"மாமா, இத யாரு போட்டது? சுவத்துல போட்டா அவங்கள யாரும் ஏசலியா?"

நெல்லைச் சீமையில் 'ஏசுவது' என்றால் திட்டுவது. அம்மாள் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பும் வழியில் அம்பாசமுத்திரம் போனோம். அங்கே கடைசல் பிடிக்கிற தொழிலாளிகள் மரத்தில் சொப்புச் சாமான் செய்கிறார்கள். அடுப்பு, குடம், உரல், ஆட்டுக்கல், அம்மி என்று சுண்டுவிரல் அளவிலே ஒரு முழுக் குடித்தனம். கடைசல் யந்திரத்தில் மரம் சுழல்கிறபோது அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துகிறார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு உருகிச் சிவப்பாகவோ பச்சையாகவோ மரத்தில் பளபளவென்று படிகிறது. பையனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எனக்கோ பரோடாச் சந்தையில் பொம்மை விற்ற பேராசிரியர் இங்கே வந்திருந்தால் அந்தத் தொழிலாளியின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. நேரம் இருந்தால் இன்னும் சற்றுத் தூரம் போய்க் குற்றாலத்தில் சித்திர சபையையும் பார்த்து வாருங்கள். நடராஜருக்குரிய ஐந்து சபைகளில், சுவரெல்லாம் சித்திரமாகவே இருக்கிற சபை அது. அருவியில் குளிக்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அங்கே எட்டிப் பார்க்கிறார்கள்?

அம்மாளுக்குச் சொன்ன பதில்

வண்டி வண்ணார்பேட்டையை நெருங்கும்போது அம்மாள் பழைய கேள்வியை மறக்காமல் கேட்டார். "அது சரி அண்ணாச்சி. பொழைக்க முடியுமான்னு நீங்க இன்னும் சொல்லலியே?"

நான் மழுப்பவில்லை. உங்களிடமும் மழுப்ப விரும்பவில்லை. குழந்தைப் புத்தகம் போட்டு யாரும் பங்களா கட்டிவிட முடியாது. சுப்பிரமணியனும் மாதா மாதம் சம்பளம் வாங்கியது ஆசிரியர் வேலைக்குத்தான். ஆனால் அந்தக் கைக்குத் தெரிந்த வித்தை அவரை ஒருநாளும் சும்மா இருக்க விடவில்லை. வகுப்பறை, கைத்தறி, சுடுமண், சுவர், பொம்மை, புத்தகம் என்று ஒன்று இல்லாவிட்டால் ஒன்று அழைத்துக்கொண்டே இருந்தது. இன்று அந்த வித்தைக்கு வழிகள் இன்னும் அதிகம். துணிகளுக்கு டிஸைன் போடுகிறவர்கள் வேண்டும். பாடப் புத்தகத்துக்கும் கதைப் புத்தகத்துக்கும் படம் வேண்டும். திரைப்படத்துக்கும் கார்ட்டூன் படத்துக்கும் ஆள் வேண்டும். முறையாகப் படிக்க விரும்பினால், 1850-ல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது; கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

அதற்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. அதுவரை நீங்கள் செய்யவேண்டியது அதிகச் செலவு பிடிக்காது. பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் நோட்டுப் புத்தகத்தின் எழுதாத பக்கங்களையும் தூக்கி எறியாதீர்கள். முனை மழுங்கின கத்தரிக்கோல் ஒன்றும் கொஞ்சம் பசையும் கொடுங்கள். "இது என்னடா, யானை மாதிரியே இல்லையே!" என்று மட்டும் சொல்லாதீர்கள். முதலில் எல்லா மிருகத்தையும் ஒரே மாதிரி படைத்துவிட்டுத்தான் கடவுளே அப்புறம் திருத்தினாராம்! லீவு நாளில் கடைத்தெருவுக்குப் போவதற்குப் பதிலாக ஒரு முறை திருப்புடைமருதூர் போங்கள். முடிந்தால் வீட்டில் ஒரு சுவரை, ஒரே ஒரு சுவரை, அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

அம்மாள் "பார்க்கலாம்" என்றார். நம் வீட்டுப் பெண்களின் "பார்க்கலாம்" எந்தப் பக்கம் சாயும் என்று யாரால் சொல்ல முடியும்?

சென்னைக்குத் திரும்பியதும் 'ஹனு எப்படி ஹனுமான் ஆனான்' புத்தகத்தைத் தேடிப் பிடித்து வண்ணார்பேட்டைக்குத் தபாலில் அனுப்பினேன். ஆங்கிலப் புத்தகம்தான், படம் பார்க்க எந்தப் பாஷை வேண்டும்?

தீபாவளிக்கு முந்தின வாரம் நண்பரின் கைப்பேசியிலிருந்து எனக்கு ஒரு படம் வந்தது. அதே கூடம். மூன்று சுவர்களுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று இருந்தன. நாலாவது சுவர் பழையபடியே இருந்தது. பழுப்புக் கோட்டுக்குக் கீழே மீன்களெல்லாம் சுகமாக இருந்தன. கோட்டுக்கு மேலே புதிதாக ஒரு குரங்கு உட்கார்ந்து, வாலை மட்டும் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட மீன் அந்த வாலைச் சந்தேகத்துடன் பார்த்துக்கொண்டிருந்தது.

படத்தோடு ஒரு வரியும் இருந்தது. அம்மாள் சொல்லச் சொல்ல நண்பர் எழுதியதாம்:

"அண்ணாச்சி, வெள்ளையடிக்க வந்த ஆளு இந்தச் சுவத்தையும் அடிக்கட்டுமான்னு கேட்டாரு. வேண்டாம்னுட்டேன்."